புளி தட்டும் கட்டை என் கைக்கு வந்தபோது

புளி ஓட்டின் தூசி மூக்கில் ஏறினால் தும்மல் வராது, எரிச்சல்தான் வரும். விரல் இடுக்கெல்லாம் புளிப்பு. நகக்கண்ணில் சின்னக் கீறல் இருந்தால் போதும்... கண்ணில் தண்ணீர் நிற்கும்.

எண்பதுகளின் கடைசி. ஜவ்வாது மலையில் எங்கள் வீட்டு முன்னால் சாக்கு விரித்து, வட்டமாக உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருக்கிறோம். இருப்பது ஒரே கட்டை. ஒருவர் தட்டுவார், மற்றவர்கள் ஓடும் நாரும் எடுப்போம். கை வலித்தால் கட்டை பக்கத்து ஆளுக்குப் போகும். அப்படியே சுற்றி வரும்.

எனக்கு அங்கே உட்காரவே முடியவில்லை. கீழே வளைவில் பஸ் உறுமினால் கழுத்து தானாகத் திரும்பியது.

மலைப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்தது. என் படிப்பும் அதோடு நின்றது. இப்போது வருகிற ஞாயிற்றுக்கிழமை கலசப்பாக்கம் பக்கத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்? யாராவது வீட்டுக்கு வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற ஆள் நான்.

எனக்கு மேலே படிக்க ஆசை என்பது செல்வி அக்காவுக்கு மட்டும் தெரியும். ஒடுகத்தூரில் இருக்கும் பெரியம்மாவின் மகள். வேலூரில் காலேஜில் கம்ப்யூட்டர் படித்தாள். நெட்வொர்க் பேப்பரில் ஒரு தடவை ஃபெயில். வீட்டில் தம்பிகள் தொல்லை தாங்காமல், பரீட்சைக்குப் படிக்க மலைக்கு வந்திருந்தாள்.

"எங்க வூட்ல தங்கிக்கினு ஒன்பதாவது சேரு. ஆனா உங்க நைனாகிட்ட நீதான் சொல்லணும். நான் சொன்னா, நான்தான் உன்னைக் கெடுத்தேன்னுவாரு," என்றாள்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் நான் சொல்வதா...

புளி தட்டும்போதும் அக்கா மடியில் புத்தகம். வாய்விட்டுத்தான் படிப்பாள்.

"ஆப்பரேட்டிங் சிஸ்டம்னா இன்னாடி?" என்றாள் அம்மா.

"கம்ப்யூட்டருக்குள்ள ஆளாளுக்கு வேலையப் பிரிச்சுக் குடுக்கும் சித்தி. யாரு முன்ன, யாரு பின்னன்னு பாத்துக்கும். ஒருத்தர் வேலைய முடிக்கலைன்னா மத்தது நின்னுடாம ஓட்டும்."

"அதுக்கு எதுக்குடி காலேஜு? இந்த வூட்ல அத நான்தானே பண்றேன்!"

"டேட்டாபேஸ்னு ஒண்ணு படிக்கிறியே, அது?" என்றார் மாமா. அம்மாவின் தம்பி. சும்மா இருக்கவே தெரியாதவர்.

"ஒரே சங்கதிய ரெண்டு எடத்துல வெக்காம, கேட்ட ஒடனே எடுத்துக் குடுக்கிறது மாமா."

"அப்ப அதுவும் உங்க சித்திதான். நான் எப்பவோ வாங்கின கைமாத்து கூட கரெக்டா சொல்லுவா."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. சுற்றி வரும் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தொடையைத் தட்டினாள்.

"டோக்கன் ரிங்! இதுதான்! வட்டமா கம்ப்யூட்டருங்க. டோக்கன்னு ஒண்ணு சுத்திக்கினே இருக்கும். அது கையில இருந்தாத்தான் பேசலாம். பேச ஒண்ணும் இல்லன்னா அடுத்த ஆளுக்குத் தள்ளிடணும். கட்டைதான் டோக்கன். வாங்க, வெளையாடலாம்!"

நைனாவுக்கு விளையாட்டு என்றால் விளையாட்டுதான். ஆடுபுலி ஆட்டத்தில் ஏமாற்றவும் மாட்டார், ஏமாற்ற விடவும் மாட்டார். மாமா நடுவில் வாய் திறந்ததும் கட்டையைக் கேட்டு வாங்கி, பிறகுதான் திட்டினார். "யோவ், கட்டை உன் கையிலயா கீது? பேசாம ஓட்ட எடு!"

கட்டை சுற்றியது. என் கைக்கு வரும், நாலு தட்டு தட்டுவேன், அக்காவுக்குத் தள்ளுவேன். அக்கா என்னை முறைப்பாள். மறுபடி வரும், மறுபடி தள்ளுவேன். கால் கட்டைவிரல் மண்ணைக் கிளறிக் கிளறிக் குழியே விழுந்திருந்தது.

நைனா முறை. "ஞாயித்துக்கிழமை காலைல பஸ்ஸுக்கே வந்துடுவாங்க. நல்ல எடம். தட்டு மாத்திடலாம்னு கீறேன்." கட்டையை அம்மாவிடம் கொடுத்தார்.

"கோழி ஒண்ணு அடிச்சிடலாம்," என்றாள் அம்மா. என்னிடம் கொடுத்தாள்.

தட்டினேன். புளி நசுங்கிக் கொட்டை தெறித்தது. நிறுத்தவில்லை. மாமா எதையோ சொல்ல வந்தார், நைனா கையைக் காட்டி அடக்கினார். என் வாழ்நாளில் எனக்காக அத்தனை பேர் பேசாமல் இருந்தது அன்றுதான்.

கட்டையைப் பார்த்துச் சொன்னேன். "எனக்கு இப்ப கல்யாணம் வேணாம். அக்கா வூட்ல தங்கி ஒன்பதாவது படிக்கப் போறேன்."

நைனா வாயைத் திறந்தார். கட்டை அவரிடம் இல்லை. மூடிக்கொண்டார்.

கட்டையை அக்கா பிடுங்கவேண்டியிருந்தது. அவள் ஒன்றும் பேசாமல் மாமாவிடம் தள்ளினாள். மாமா, "அடேயப்பா, இதுக்கு வாய் கீதா!" என்று நைனாவிடம் கொடுத்தார்.

நைனா தட்டினார். முன்னால் இருந்த குவியல் முழுவதையும் தட்டினார். பஸ் சத்தம் வளைவில் கேட்டு, மேலே வந்து, தாண்டிப் போயிற்று. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

பிறகு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் கட்டையை அம்மா பக்கம் தள்ளினார்.

அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அப்ப கோழி வேணாம்," என்றாள்.

அக்கா பாஸ் ஆனாள். நான் பத்தாவது வரை படித்தேன், டைப் கற்றுக்கொண்டேன், பிற்பாடு ஒரு ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்தேன்.

இப்போது எங்கள் குடும்பத்துக்கு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. நான் டைப் அடித்து முடிப்பதற்குள் பேச்சு எங்கேயோ போயிருக்கும்... அழித்துவிடுவேன்.

மலையிலிருந்து நைனா சிலசமயம் வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார். கை பட்டுப் போகிறதோ என்னவோ, பேச்சே இருக்காது. டக், டக் என்று புளி தட்டும் சத்தம் மட்டும் வரும். மற்றவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள்.

நான் கடைசிவரை கேட்பேன்.