தப்பு சுடாத மத்தியானம்

என் கணவரின் தம்பி குடித்தால் தள்ளாட மாட்டார். நாக்கும் குழறாது. குடும்பத்துக்கே அதில் பெருமை. "அவன் எவ்ளோ போட்டாலும் ஸ்டெடி" என்பார் கணவர். அந்த 'ஸ்டெடி'யோடுதான் எனக்குச் சண்டை.

தொண்ணூறுகளின் தொடக்கம். குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய தெருவில் நாத்தனார் வீடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொட்டை மாடியில் ஆண்கள் பீர் குடித்துக்கொண்டே கேரம் ஆடினார்கள். ஆட்டம் முடிந்ததும் ஆறு வயது என் பெண்ணை ஸ்கூட்டரில் மீனம்பாக்கம் கூட்டிப்போய், விமானம் இறங்குவதைக் காட்டுவதாகச் சித்தப்பா சொல்லியிருந்தார்.

கேரமில் அவரை எனக்குத் தெரியும். ஸ்டிரைக்கர் குழியில் விழுந்து ஃபைன் கட்ட நேர்ந்தால் நாக்கைக் கடித்துக்கொள்வார். அடுத்த அடிக்கு வெகுநேரம் குனிந்து கோணம் பார்ப்பார். அன்று நான் வடை கொண்டுபோனபோது ஸ்டிரைக்கர் விழுந்தது. "ஃபைன்!" என்று தானே கத்திச் சிரித்தார். தன் முறை திரும்ப வந்ததும், பார்க்காமலே அடித்தார். மறுபடி விழுந்தது. மறுபடி சிரிப்பு. கை நடுங்கவில்லை. தப்பு தெரிகிறது, ஆனால் சுடவில்லை.

ஆட்டம் முடிந்ததும் கீழே வந்து வண்டியை உதைத்தார். பெண் முன்னால் ஏறி நின்றுவிட்டாள். நான் அவளைத் தூக்கி இறக்கினேன்.

"என்ன அண்ணி இது?"

"நீங்க குடிச்சிருக்கீங்க. வேணாம்."

"ஒரு கோடு போடுங்க, நேரா நடந்து காட்றேன்."

"நடப்பீங்க. அதுக்கில்ல."

மாடியிலிருந்து நாத்தனார் கணவர் குரல் கொடுத்தார். "மச்சான், உங்க அண்ணி டிராஃபிக் போலீஸ் ஆயிட்டாங்க! லைசென்ஸை எடுத்துக் காட்டு!"

எல்லோரும் சிரித்தார்கள். பெண் அழுதாள். "அவனை அவமானப்படுத்தாதே, ஏத்து" என்றார் கூடவே இறங்கி வந்திருந்த கணவர், பல்லைக் கடித்துக்கொண்டு. நான் ஏற்றவில்லை.

கோபத்தில் தம்பி தனியாகக் கிளம்பினார். தெருமுனையில் நிற்காமல் ரோட்டில் நுழைந்தார். தாம்பரம் பஸ் ஒன்று கிறீச்சிட்டு, அவருடைய முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. டிரைவர் திட்டினார். தம்பி எங்களைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் பயமே இல்லை, மாடியில் பார்த்த அதே சிரிப்பு. கையை ஆட்டிவிட்டு, இரண்டு பக்கமும் பார்க்காமல் மறுபடி முறுக்கினார்.

முன்னால் நிற்கும் குழந்தையின் தலை எந்த உயரத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கை கால் தடுமாறுவதற்கு முன்பே, தப்பு செய்தவுடன் உள்ளே 'ஐயோ' என்று பிடித்து இழுக்கிற மூளையின் பிடி தளர்ந்துபோகலாம் என்று பின்னால் ஒரு டாக்டர் விளக்கினார். தப்பு கண்ணில் படும், மனசு பதறாது. பதறாதவன் அடுத்த தடவை நிதானிக்கவும் மாட்டான். நேராக நடந்து காட்டுவது இதற்குப் பரீட்சையே இல்லை.

அன்று தம்பி ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பி வந்தார். அதனால் குற்றவாளி நான்தான். "ஒண்ணும் ஆகலியே, ஒரு ஸாரி சொல்லிடேன்" என்று கணவர் எத்தனையோ முறை கேட்டுவிட்டார். அந்தத் தீபாவளிக்குத் தம்பி எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. வந்தால் வயிறாரச் சாப்பாடு போடுவேன். ஸாரி மட்டும் கிடையாது.