பால்கோவா தர மறுத்த கடை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்தேன். நூற்கும் மிஷின்களுக்கு நடுவே ஷிப்டு முழுக்க நடந்துகொண்டே அறுந்த இழைகளை ஒட்டுவதுதான் என் வேலை. ஆயுசுக்கும் சேர்த்து நடந்தாயிற்று, இனி உட்கார்ந்து சாப்பிடலாம் என்று ஈஸிசேரும் பீடிக்கட்டுமாகச் சாய்ந்துவிட்டேன்.

ஞாயிறுதோறும் ஸ்ரீவில்லிபுத்தூரில் மகள் வீட்டுக்குப் போவேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஒரு நாள் பாதி வழியில் வலது கெண்டைக்காலில் கயிறு போட்டு இறுக்கினாற்போல வலி. நின்றால் இரண்டு நிமிடத்தில் போய்விடும், நடந்தால் திரும்ப வரும். மில்லில் நடந்து நடந்து கால் தேய்ந்துவிட்டது, ஓய்வு கொடுத்தால் சரியாகும் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். வீட்டில் மூச்சு விடவில்லை. சொன்னால் தனியாக பஸ் ஏற விடமாட்டார்கள்.

தெருவில் சும்மா நிற்கவும் வெட்கம். மில்லில் என் வேகத்துக்கு நடக்க முடியாத இளவட்டங்களை அவ்வளவு கேலி செய்தவன் நான். அதனால் வலி வரும்போதெல்லாம் பக்கத்தில் இருக்கும் பால்கோவாக் கடையில் போய் நிற்பேன். அந்த ஊரில் அதற்கா பஞ்சம்? நின்றுவிட்டு வாங்காமல் நகர்ந்தால் நன்றாக இருக்காதே என்று நூறு கிராம் வாங்குவேன். போகப்போக மூன்று கடைகளில் நிற்க வேண்டியதாயிற்று. மூன்று பொட்டலங்கள். பேரப்பிள்ளைகள் கொண்டாடினார்கள். மிச்சத்தை நானே தின்றேன். மகள் மட்டும் எதற்கு இவ்வளவு என்று ஒவ்வொரு வாரமும் கேட்பாள்.

மூன்றாவது கடையில் இருந்தவர் என் வயதை ஒட்டிய ஒரு அம்மா. ஒரு ஞாயிறு வழக்கம்போல நூறு கிராம் கேட்டேன். அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குப் பால்கோவா கெடையாது அண்ணாச்சி. செத்த நேரம் உள்ள வந்து உக்காருங்க."

தட்டு நிறைய வைத்துக்கொண்டு இல்லை என்கிறாரே என்று சுருக்கென்று கோபம் வந்தது. விருட்டென்று கிளம்ப நினைத்தேன், கால் கேட்கவில்லை. உள்ளே போனேன். அங்கே அவருடைய கணவர் தரையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

"நீங்க பால்கோவாவுக்கு வரல, கால் வலிக்குன்னுதான் இங்க வந்து நிக்கிய. அவியளுக்கும் இப்பிடித்தான், நடந்தா கெண்டைக்கால் இழுக்கும். நின்னு நின்னு போவாவ. வாயுன்னு நெனச்சு எங்கிட்டகூடச் சொல்லல. பொறவு வெரல் கறுத்துப்போச்சு. நீங்க நாளைக்கே டாக்டரப் பாருங்க."

அவர் கணவர் நிமிர்ந்து பார்த்து, ஆமாம் என்று தலையசைத்தார்.

அன்றே மகளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டினாள், அழுதாள், மறுநாள் மதுரைக்கு அழைத்துப்போனாள். டாக்டர் கணுக்காலில் நாடி பார்த்தார். காலுக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கி அடைத்துக்கொண்டு வருகிறது, காலில் இப்படி என்றால் இதயத்தையும் கவனிக்க வேண்டும் என்றார். மாத்திரை எழுதி, பீடியை அன்றோடு விடச் சொன்னார். அடுத்துச் சொன்னதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. தினமும் நடக்க வேண்டுமாம். வலித்தால் நின்று, வலி போனதும் மறுபடி நடக்க வேண்டுமாம். மில்லில் நடந்த நடைதான் இத்தனை நாள் காலைக் காப்பாற்றியது, உட்கார்ந்து கெடுத்துக்கொண்டீர்கள் என்று சிரித்தார்.

பீடியை விடுவதற்குள் வீட்டில் எல்லோரையும் படுத்தி எடுத்துவிட்டேன். ஆனாலும் நடந்தேன். முதலில் தெருமுனை வரை, பிறகு கண்மாய்க்கரை வரை. வலித்தால் நடுத்தெருவிலேயே நின்றேன். கேட்டவர்களுக்குக் காரணமும் சொன்னேன். அடுத்த ஆடிப்பூரத்துக்குள் ஸ்ரீவில்லிபுத்தூரின் நான்கு ரத வீதிகளையும் எங்கும் நிற்காமல் சுற்றி வந்து, அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருடைய கணவர் என் கையைப் பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை.

வியாபாரத்தையும் பாராமல், தங்கள் வீட்டுத் துயரத்தை முன்பின் தெரியாத ஒருவனுக்குத் திறந்து காட்டினார்கள் அவர்கள்; எழுபதைத் தாண்டியும் நான் வைக்கிற ஒவ்வோர் அடியும் அவர்கள் தந்ததுதான்.