பத்தே காலுக்குப் பதினொன்று

எங்கள் அம்மாவுக்கு மரக் கடிகாரம் என்றால் பைத்தியம். சுவரில் மாட்டுகிற சாதி இல்லை. உச்சியில் கோபுரமும் இரண்டு பக்கமும் தூணுமாக, மேசை மேல் ஜம்மென்று உட்கார்ந்திருக்குமே, அது. வெள்ளைக்காரன் தன் வீட்டில் குளிர்காயும் அடுப்புக்கு மேலே வைக்கச் செய்ததாம். வெயிலில் வேகிற எங்கள் ஊரில் அந்த அடுப்புக்கு எங்கே போவது? அம்மா அசரவில்லை. காரைக்குடியில் பழைய சாமான் விற்கும் கடையிலிருந்து மூன்று வாங்கி வந்துவிட்டாள். ஒன்று பிரிட்ஜ் மேல் ஏறியது. ஒன்று ஷோகேஸில் தலையாட்டி பொம்மைக்குப் பக்கத்தில். பெரியது டிவிப் பெட்டி மேல், அவளே பின்னிய வெள்ளை விரிப்பில். முதல் இரண்டும் ஓடாது, வெறும் அழகுக்கு. பெரியது மட்டும் ஓடும், மணிக்கு மணி கணீரென்று அடிக்கும். ஞாயிறுதோறும் காலையில் அதற்குச் சாவி கொடுப்பது அப்பா.

அந்தக் கடிகாரத்துக்குப் பெரிய பக்தர் பூதலூர்ப் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். ஒரு பேச்சு பேசும்போது மணி அடித்தால் அது தெய்வ வாக்கு அவருக்கு. கோயில் மணிதான் வேண்டும் என்பதில்லை. ஐஸ்காரன் மணி அடித்தால்கூடக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அவர் எதிரில் அப்பா வாய் திறந்து நான் பார்த்ததே கிடையாது.

எனக்கு எட்டு வயது. அப்பாவின் தங்கை, என் அத்தை, பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கித் தஞ்சாவூரில் காலேஜ் சேர ஆசையாக இருந்தாள். பெரியப்பாவோ மாப்பிள்ளை பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஜாதகத்தோடு வருவதாகத் தகவல். அத்தை ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பாவிடம் அழுதாள். “சொல்லிப் பாக்குறேன், அண்ணன் கேக்கணுமே” என்றார் அவர். அதற்கு மேல் அவரால் முடியாது என்பது எனக்கே தெரியும்.

கடிகாரத்தைத் துடைப்பது அத்தைதான். அதன் பின்கதவைத் திறந்தால் உள்ளே மெல்லிசாக ஒரு கம்பி தொங்கும். அதைத் தூக்கினால் போதும், எந்த நேரமானாலும் அடுத்த மணியை அடித்துத் தீர்த்துவிடும். சனிக்கிழமை அத்தை என்னை டிவிக்குப் பின்னால் இருந்த சந்துக்குள் நுழைத்துப் பார்த்தாள். கை எட்டியது. “அப்பா ‘படிக்கட்டும்’னு சொன்ன உடனே தூக்கிடணும், என்ன?” என்று கன்னத்தைப் பிடித்துக் கெஞ்சினாள்.

பெரியப்பா வந்தார், காபி குடித்தார், பையிலிருந்து ஜாதகத்தை எடுத்தார். நான் சந்துக்குள் இருந்தேன். அப்பா எழுந்து வந்து டிவிக்கு முன்னால் நின்றுகொண்டார். எனக்கு அவர் சட்டை முதுகைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இந்த மனுஷருக்கு நிற்க வேறு இடமே கிடைக்கவில்லையா என்று எரிச்சலாக வந்தது.

“அவ படிக்கட்டும்ண்ணே” என்றார் அப்பா. அந்த நேரம் பார்த்துக் கொசு கடித்தது, நான் காலைச் சொறிந்துகொண்டிருந்தேன். போச்சு.

“என்னது?” என்றார் பெரியப்பா. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். பதறிப்போய்க் கம்பியைத் தொட்டேன். வியர்வையில் கை வழுக்கியது. டிக் என்றதோடு சரி. பெரியப்பா ஜாதகத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நடவு நடுகிறவர்களைக் கூப்பிடுகிற குரலில் அப்பா மூன்றாவது தடவை கத்தினார்: “படிக்கட்டும்னு சொல்றேன்!”

தூக்கினேன். கணீர் கணீரென்று பதினொன்று அடித்தது. அப்போது மணி பத்தே கால். ஆனால் முள்ளை யார் பார்த்தார்கள்? அப்பாதான் மறைத்துக்கொண்டு நிற்கிறாரே. பெரியப்பா கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “சரிடா, அம்பாளே சொல்லிட்டா, படிக்கட்டும்.” ஜாதகம் பைக்குள் போனது.

அத்தை என்னை அடுப்படிக்குத் தூக்கிப்போய் முத்தமாகக் கொடுத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் பெரியப்பா கிளம்புவதற்கு முன்பே கடிகாரம் நின்றுபோனது. சாவி தீர்ந்துவிட்டது என்றார் அப்பா. அன்று காலையில்தானே முழுச் சாவி கொடுத்தார்? நான்தான் உடைத்துவிட்டேன் என்று பயந்து இரண்டு நாள் அம்மா முகத்தைப் பார்க்காமல் திரிந்தேன். மூன்றாம் நாள் அது தானாக ஓடியது. சாமி காப்பாற்றியது என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை இப்போது காலேஜில் பாடம் எடுக்கிறாள். போன மாதம் தஞ்சாவூரில் புது வீடு கட்டிக் குடிபோனாள். அம்மா அந்தக் கடிகாரத்தையே அவளுக்குக் கொடுத்துவிட்டாள். ஹால் அலமாரியில் அதை வைத்து அப்பா சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். அத்தையும் பக்கத்தில் இருந்தாள். இத்தனை வருஷம் கழித்து எனக்குத் தைரியம் வந்தது.

“அப்பா, அன்னிக்கு மணியடிச்சது நான்தான்ப்பா.”

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தையும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சாவியை இன்னும் இரண்டு சுற்று சுற்றிவிட்டு அப்பா சொன்னார்:

“ஏம்மா, மொத தடவையே தூக்கியிருக்கக் கூடாதா? மூணு தடவை கத்த விட்டியே என்னை.”