‘இருக்கலாம்’ என்பதை எடுக்காத ஹலினா அக்கா

மூத்த பேத்தி பல் வைத்தியராகிவிட்டாள். பேரன் பொறியியல் முடித்த கையோடு வேலையும் எடுத்துவிட்டான். கடைக்குட்டி பிரெஞ்சுக் கட்டுரைப் போட்டியில் இரண்டாம் இடம். போன செவ்வாய்க்கிழமை வழமைபோல இவற்றைத் தங்கச்சிக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் இன்னொரு அழைப்பு வந்தது. இங்கே வில்லரேப் பகுதியில் எங்கள் மேல்வீட்டில் இருந்த ஹலினா அக்கா ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டார்.

அவர் போலந்துக்காரர். ஒரே தையல் ஆலையில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் பத்தொன்பது வருடம் இருந்தோம். அவர் தன் நாட்டில் மொழி படித்தவர். நான் ஐந்தாம் வகுப்பு. ஆலையில் பழகிய அரைகுறைப் பிரெஞ்சுதான் எங்களுக்குப் பொதுமொழி. பிழைத்த தையலை அவர் வெட்டமாட்டார். ஊசிமுனையால் இழை இழையாகப் பிரித்து, எங்கே பிழைத்தது என்று பார்ப்பார்.

ஓய்வு பெற்றபின் ஒரு சொல்லை அப்படிப் பிரித்தார். ‘சுட்ஸோஜெம்ஸ்கி’. அவர்கள் மொழியில் ‘பிறநாட்டு’ என்று பொருள். பிறர் என்பது ஒரு துண்டு, நிலம் என்பது மற்றத் துண்டு. அந்தப் ‘பிறர்’ இன்னொரு பழைய மொழியின் ‘மக்கள்’ என்ற சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். அப்படியென்றால் பிறரும் மக்கள்தானா என்று நான் இரண்டு தரம் கேட்டேன்.

‘இருக்கலாம்’ என்பதை எடுத்துவிட்டு, உறுதியாக எழுதினால் போடுகிறோம் என்று போலந்திலுள்ள ஒரு சஞ்சிகை பதில் அனுப்பியது. அவருடைய இருதயம் சில மாதம்தான் தாங்கும் என்று டொக்டர் சொல்லியிருந்த நேரம். அச்சில் வரக்கூடிய அவருடைய ஒரே எழுத்து அது.

“ஒரு சொல்லுத்தானே அக்கா, எடுத்துவிடுங்கோ. கண்ணாலை பாத்திட்டுப் போகலாம்.”

“உன்ரை கடைக்குட்டிப் பேத்தி போட்டியிலை ரெண்டாவதா வந்தவள். முதலாவது எண்டு எழுதுவியோ?”

ஊருக்கு அப்போது முதலாம் இடம் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.

நான்கு நாள் கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் கூப்பிட்டு ஒரு கடிதம் தந்தார். சஞ்சிகைக்கு மறுத்து எழுதியிருப்பதாகவும், தன்னால் படி இறங்க முடியாது என்றும் சொன்னார்.

மருந்துக்கடைக்குள் இருக்கும் தபால் கவுண்டரில் எனக்குக் கை எழவில்லை. கிழித்துவிட்டு, பேத்தியைக் கொண்டு சம்மதம் என்று எழுதுவித்தால் யாருக்குத் தெரியும்? வரிசையை விட்டு வாசல்வரை வந்துவிட்டேன். திரும்பவும் வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.

“கடிதத்தைப் போட்டிட்டியோ?” என்று, மேலே ஏறிப் போனதும் ஹலினா அக்கா கேட்டார்.

“ஓம்.”

என் மணிக்கட்டைப் பிடித்து முகத்தையே பார்த்தார். பிறகு விட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் சஞ்சிகையின் பதில் வந்தது. பேத்தி கைத்தொலைபேசியில் மொழிபெயர்த்து வாசித்தாள். ‘இருக்கலாம்’ உட்பட, எழுதியபடியே போடுகிறார்களாம். போய் வாருங்கோ, அக்கா. உங்கள் சொல்லை ஒருவரும் தொடவில்லை.

எழுதியவரின் படம் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் இருப்பது ஆலை அடையாள அட்டையில் உள்ள படம். அதில் கண் மூடியிருக்கிறார். இதை வாசிப்பவர்களில், நம்மவர்களின் போன கோடை ஒன்றுகூடலில் அவரோடு நின்று படம் எடுத்தவர்கள், தயவுசெய்து எனக்கு ஒன்றைத் தபாலில் போட்டுவிடுங்கள். கண் திறந்த படமாக இருக்கட்டும்.