என் கோபத்துக்கு வேப்பிலை

அண்ணனுக்குக் கோபம் வந்தால் அது வெறும் கோபம்தான். குழம்பில் உப்புக் கூடினால் சோற்றுத் தட்டைச் சுவரில் எறிவான். அம்மா பருக்கைகளைக் கூட்டி அள்ளிவிட்டு, ரப்பர் மலையில் பால் வெட்டிவிட்டு வந்த களைப்பு அவனுக்கு, ஆம்பிளைப் பிள்ளை அப்படித்தான் இருப்பான் என்பாள். எனக்குக் கோபம் வந்தபோது பூசாரியைத் தேடினார்கள்.

சின்ன வயதில் எங்கள் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எல்லோரையும் அதிகம் கடித்தவள் நான்தான். அண்ணன் அழுதுகொண்டு ஓடுவான். அப்போது பேயைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நான் பெரியவளானதும் கத்தாதே, கையை ஓங்காதே, குரலை இறக்கு என்று தொடங்கினார்கள். அவனிடம் அதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. ஆண்களின் ரத்தமே சூடானது என்று பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்த ஒரு சேர் விளக்கினார். ரத்தத்துக்கு என்ன தெரியும்? பழக்கிவிட்டது வீடுதான்.

போன வருடம் ஒருநாள், பலாங்கொடையில் நான் வேலை செய்யும் துணிக்கடையிலிருந்து திரும்பும்போது பஸ் பழுதாகி, இருட்டிய பிறகு வந்து சேர்ந்தேன். காரணம்கூடக் கேட்காமல் அண்ணன் கன்னத்தில் அறைந்தான். கையில் கிடைத்த அகப்பையால் நானும் அவன் தோளில் ஒன்று வைத்தேன். எங்கள் வீட்டுக் காம்பரா வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அறைந்தவனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுடுகாட்டு வளைவைத் தாண்டித் தனியாக வந்திருக்கிறாள், ஏதோ தொற்றிக்கொண்டது என்று அக்கம்பக்கம் முடிவு சொன்னது. அம்மாவும் நம்பினாள்.

செவ்வாய்க்கிழமை கோயிலில் என்னை உட்கார வைத்தார்கள். பேயை இறக்கினால் உச்சிமுடியில் ஒரு கொத்தை வெட்டி மரத்தில் வைத்து ஆணி அடிப்பார்கள். அதன் பிறகு தோட்டத்துக்கே நான் பேய் பிடித்தவள். நான் துள்ளாமல் பிடித்துக்கொள்ள யாரை நிறுத்தினார்கள் என்கிறீர்கள்? அண்ணனைத்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் உடம்பெல்லாம் நடுங்கியது. அதையும் பேயின் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். பூசாரி வேப்பிலையால் முகத்தில் அடித்து, யார் நீ, எங்கிருந்து வந்தாய் என்று கேட்டார்.

"நான்தாங்க. அண்ணன் அடிச்சான், நான் திருப்பி அடிச்சேன். இன்னொருக்கா அடிச்சா இன்னொருக்கா அடிப்பேன்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"இது எம் மக பேச்சே இல்லங்க சாமி."

முடியை வெட்டினார்கள். ஆணியை அடித்ததும் அண்ணன்தான்.

அதற்குப் பிறகு அவன் என்மேல் கை வைத்ததில்லை. நான் குரலை உயர்த்தினால் எழுந்து வெளியே போய்விடுகிறான். பேய் திரும்பி வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அவனை அடித்தது அவன் தங்கச்சிதான் என்பதை மட்டும் அந்த வீட்டில் இன்றைக்கும் ஒருவரும் நம்பத் தயாராக இல்லை.