டேங்குக்கு வைத்த பொட்டு

2023 அக்டோபர் 25, புதன்கிழமை. ஆயுத பூஜையும் விஜயதசமியும் முடிந்து பட்டறைகள் திறக்கும் நாள். பால் பாக்கெட்டை எடுத்து வந்து காபி போட்டேன். செய்தித்தாளில் தலைப்புகளை மட்டும் பார்த்தேன். டார்ச், பூதக்கண்ணாடி, வெள்ளைத் துணி, முத்திரை எல்லாவற்றையும் பையில் சரிபார்த்து வைத்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறினேன். சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி, திருவெறும்பூர் பஸ் பிடித்தேன். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. அன்றைய தினத்தில் ஒழுங்காக நடந்தது அது ஒன்றுதான்.

என் வேலை, பட்டறைகளில் செய்யப்படும் சாமான்களை வாங்குபவர் சார்பில் பரிசோதிப்பது. அன்று ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க் வெளியேற வேண்டும். அணுமின் நிலையத்தில் கதிரியக்கக் கழிவுநீரைத் தேக்கி வைக்கும் டேங்க். ஒருமுறை அதில் கழிவுநீர் நிரம்பிவிட்டால், நிலையத்தை மூடிப் பிரித்தெடுக்கும் காலம் வரை யாரும் பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்க்க முடியாது. ஆகவே தொட்டுப் பார்க்க வேண்டியதையெல்லாம் திருவெறும்பூரிலேயே பார்த்துவிட வேண்டும். விடுமுறைக்கு முன்பே எல்லாச் சோதனையும் முடித்து, வாய்களை மூடி முத்திரை வைத்து, கனமான பிளாஸ்டிக் உறை சுற்றச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். இன்று உறையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் லாரி கிளம்பிவிடும்.

லாரி வாசலிலேயே நின்றது. முதலாளி இலையில் பொரியும் சுண்டலும் நீட்டினார். டேங்கைப் பார்த்ததும் எனக்குச் சுண்டல் இறங்கவில்லை. நான் பார்த்துவிட்டுப் போன உறையில் பழுப்பு டேப் ஒட்டியிருந்தது. இப்போது வெள்ளை டேப்.

"உறையைப் பிரிச்சீங்களா?"

"இல்லையே சார். டேப் கொஞ்சம் பிரிஞ்சிருந்துது, மாத்தி ஒட்டினோம்."

"ஒரு பக்கம் கழட்டுங்க, பாத்துடறேன்."

"லாரி நிக்குதுங்க சார்..."

"நிக்கட்டும்."

உறை கழன்றதும், நான் விட்டுப்போனதைவிட டேங்க் பளபளப்பாக இருந்தது. பத்து நாளில் எந்த உலோகமும் தானாகப் பளபளப்பாவதில்லை. டார்ச் அடித்தேன். வெல்டிங் ஓரத்துப் பள்ளத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. வெள்ளைத் துணியால் துடைத்தால் துணியில் குங்குமம்.

முதலாளி பெரிய வெல்டரைப் பார்த்தார். வெல்டர் கூரையைப் பார்த்தார். பிறகு வெல்டரே சொன்னார்.

"பூஜையன்னிக்கு எல்லா மிஷினுக்கும் பொட்டு வெச்சோம் சார். இது ஒண்ணு மட்டும் மொட்டையா நிக்குது, இதுதான் நம்ம பட்டறையிலேயே பெரிய வேலை. மனசு கேக்கல. சந்தனம், குங்குமம், ஒரு மாலை, அவ்வளவுதான்."

"அப்புறம்?"

"அப்புறம் நீங்க திட்டுவீங்கன்னு கழுவிட்டோம்."

"எதுல?"

"போர் தண்ணியிலதான். சந்தனம் காஞ்சு போச்சு, போகல. பிரஷ் போட்டுத் தேய்ச்சோம்."

"எந்த பிரஷ்?"

அவர் கொண்டுவந்து காட்டியது சாதாரண இரும்புக்கு வைத்திருக்கும் கம்பி பிரஷ். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. பொட்டு ஒரு தப்பு என்றால், அதை மறைக்கச் செய்தது அதைவிடப் பெரிய தப்பு. உப்பு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் தங்கி, சூடும் இழுவிசையும் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் கிளம்பும். இரும்புத் துகள் பதிந்த இடத்தில் துரு பிடிக்கும். இதையெல்லாம் இதே இடத்தில் இதே ஆட்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். சொன்னபோதெல்லாம் தலையாட்டினார்கள்.

"இந்தப் போர் தண்ணியில டீ போட்டா நீங்க குடிப்பீங்களா?"

"உப்பு கரிக்கும் சார். டீக்கு கேன் தண்ணி வாங்கறோம்."

"டீக்கு கேன் தண்ணி, டேங்குக்கு போர் தண்ணி!"

வெல்டர் சிரித்துவிட்டார். முதலாளிக்குக் கோபம் வந்தது. "சார், நீங்க ஸ்ரீரங்கத்துக்காரரு. நீங்களே பொட்டு வெக்காதேன்னு சொல்லலாமா? உங்க ஸ்கூட்டருக்கு வெக்கலையா?"

"வெச்சேன். ஸ்கூட்டர் மறுவருஷமும் என் கண் முன்னாடி நிக்கும். இது நிக்காது. கிரேனுக்கு வைங்க, லேத்துக்கு வைங்க, லாரிக்கு வைங்க. இதை மட்டும் விடுங்கன்னுதானே சொன்னேன்?"

இரும்பு பட்ட இடத்தில் நீலமாக மாறும் கரைசல் ஒன்று உண்டு. அதைக் கொண்டுவரச் சொல்லி ஓரிடத்தில் தடவினேன். பிரஷ் போன வழியெல்லாம் நீலப் புள்ளிகள் வரிசையாகப் பூத்தன.

லாரியைக் காலியாகவே திருப்பி அனுப்பச் சொன்னேன். டேங்க் முழுவதையும் தாது நீக்கிய நீரில் கழுவி, அமிலப் பூச்சால் மேற்பரப்பைச் சுத்தம் செய்து, வெல்டிங் ஓரங்களை மறுபடி விரிசல் சோதனை செய்ய வேண்டும். முதலாளி அதற்கெல்லாம் ஒப்புக்கொண்டார். அறிக்கை எழுதுவதற்குத்தான் ஒப்பவில்லை. அந்த வருடம் ஏற்கெனவே ஒரு குறை பதிவாகியிருந்தது. இன்னொன்று வந்தால், அணுமின் வேலைக்கு அனுமதி பெற்ற பட்டறைகளின் பட்டியலிலிருந்து பெயர் போய்விடலாம். போய்விட்டால் திரும்ப ஏறுவது லேசில்லை.

என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே செஞ்சுடறேன் சார். டேங்க் சரியாயிடும். அப்புறம் எதுக்கு எழுதணும்?"

"சரியாயிடுச்சான்னு பாக்கறவங்களுக்கு என்ன ஆச்சுன்னு தெரியணும்ங்க."

"சரி, அழுக்கு பட்டுச்சு, சுத்தம் பண்ணினோம்னு எழுதுங்க. மறைச்சோம்னு எழுதாதீங்க. காலை வரைக்கும் யோசிங்க சார், கையெடுத்துக் கும்பிடறேன்."

வாங்கும் நிறுவனத்தில் வேலையை விரட்டும் ஆளிடமிருந்து அதற்குள் போன். "கிளீன் பண்ணி அனுப்பிடுங்க சார், மீதியை சைட்ல பாத்துக்கலாம்." சைட்டில் என்ன பார்ப்பார்கள் என்று கேட்டேன். அதைச் சைட்டில் கேளுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி கேட்டாள்: "ஒரு பொட்டுக்கா அவ்வளவு?" பொட்டுக்கு இல்லை, டேப்புக்கு என்றேன். அவளுக்குப் புரியவில்லை. டேப் மாற்றத் தெரிந்தவர்கள் என்னைக் கூப்பிட்டுச் சொல்லத் தெரியாமல் போனது ஏன் என்பதுதான் என் எரிச்சல். அன்றைக்கே போன் செய்திருந்தால் திட்டியிருப்பேன், நல்ல தண்ணீரில் கழுவ வைத்திருப்பேன், அவர்களே தெரிவித்தார்கள் என்று எழுதியிருப்பேன். அப்படி எழுதினால் பட்டியலில் அவர்கள் பெயருக்கு ஆபத்தில்லை. இப்போது அதை எழுதினால் பொய்.

அறிக்கையில் 'கழுவி மறைக்கப்பட்டது' என்ற வரியை அடித்தேன், மறுபடி எழுதினேன். அது அங்கேயே இருந்தது.

மறுநாள் காலை, காபிக்கு முன்பே, முதல் வேலையாக முதலாளியைப் போனில் அழைத்து அறிக்கையை வரிவரியாகப் படித்துக் காட்டினேன். 'கழுவி மறைக்கப்பட்டது' என்ற வரியில் அவர் நிறுத்தினார். "அது இருந்தே ஆகணுமா சார்?"

"இருக்கணும்ங்க. கேட்டதும் உங்க வெல்டர் உண்மையைச் சொன்னாருன்னும் அதுக்குக் கீழேயே இருக்கு."

"நல்ல தண்ணி எத்தனை கேன் சொல்லட்டும்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் போனை வைத்ததும் அறிக்கையை அனுப்பினேன்.