நரி ஜெயிக்க நான் வெளியே நின்ற வருஷம்

வீரபாண்டியில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனி, அமெரிக்காவில் ஒரு பேஸ்பால் அணியின் ரசிகர்கள் போட்டுக்கொள்ளும் டி-ஷர்ட்டுகளைத் தைத்து அனுப்பிக்கொண்டிருந்தது. நெஞ்சில் ஒரு நரி முகம் இருக்கும். அணியின் முழுப்பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையாது. நான் இருந்த செக்கிங்கில், அயர்ன் மேசையில், பேக்கிங்கில் எல்லோருக்கும் அது ‘நரி’தான். நரி ஜெயித்தால் அங்கே சட்டை விற்கும், இங்கே ஆர்டர் வரும். ஆட்டத்தோடு எங்களுக்கு முதலில் இருந்த சம்பந்தம் அவ்வளவுதான்.

அந்த வருஷம் மேனேஜர் கேன்டீனில் ஒரு பெரிய டிவி மாட்டினார். அங்கே முந்தின நாள் சாயங்காலம் ஆடுகிற ஆட்டம் நமக்குக் காலையில் தெரியும். கம்பெனி வேன் எங்களை இறக்கிவிட்டதிலிருந்து வேலை தொடங்கும் மணி அடிக்கிற வரைக்கும் பார்க்கலாம். டீ நேரத்தில் வந்தால் கடைசிப் பகுதியைப் பிடித்துவிடலாம். பையருக்கு, அதாவது சட்டை வாங்குகிற அமெரிக்கக் கம்பெனிக்கு, மெயில் அனுப்புகிற மெர்ச்சண்டைசர் பையன்தான் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தான்.

“கிரிக்கெட் மாதிரி எல்லாம் யோசிக்காதீங்க. பந்தை அடிச்சுட்டு நாலு மூலையும் ஓடி, பொறப்பட்ட எடத்துக்கே வந்து சேரோணும். வந்தா ஒரு ரன்.”

“ஊடு வந்து சேரோணும். அவ்வளவுதானுங்க?” என்றாள் என் பக்கத்து மேசைக்காரி.

அதற்கப்புறம் கேன்டீனில் எல்லோரும் அப்படித்தான் கத்தினோம். ஓடுகிறவன் மூன்றாவது மூலையைத் தாண்டினால், “ஊட்டுக்கு ஓடு, ஊட்டுக்கு ஓடு!”

பக்கத்து மேசைக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளும் நானும் குன்னத்தூரிலிருந்து ஒரே வேனில் வருகிறவர்கள். என்னைவிட இளையவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவிநாசி ரோட்டில் லாரி மோதி என் வீட்டுக்காரர் போனபோது, ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். என் தலையை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்க வைத்தவளும் அவள்தான். அதன் பிறகு நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். அங்கே யாரும் என்னை ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. ஒரு நல்ல காரியத்துக்கு வீட்டிலிருந்து கிளம்பும்போது மட்டும் அண்ணி, “நீங்க கொஞ்சம் உள்ளுக்குள்ள இருங்க கண்ணு, நாங்க படி எறங்கிக்கறோம்” என்பாள். மரியாதையாகத்தான் சொல்வாள். நானும் உள்ளே போய்விடுவேன். எதிரில் வரக் கூடாத ஆள் நான் என்பது எனக்குப் பழகிப்போயிருந்தது.

கேன்டீனில் அதெல்லாம் இல்லை. அங்கே நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். சின்ன வயசில் ஆடு மேய்த்தபோது இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடிக்கக் கற்றிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அடித்ததே இல்லை. ஒரு நாள் நரிக்காரன் ஒருவன் அடித்த பந்து கூட்டத்துக்குள் போய் விழுந்தபோது, என்னை மீறி அடித்துவிட்டேன். கேன்டீனே திரும்பிப் பார்த்தது. ஒரு நிமிஷம் பயந்தேன். பிறகு ஒடிசாவிலிருந்து வந்த பேக்கிங் பையன்கள் கைதட்டினார்கள். “தீதி, இன்னொரு தடவை” என்று அக்கா முறை வைத்துக் கேட்டார்கள். நான் அடித்தேன். வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ கழன்று வெளியே போன மாதிரி இருந்தது. அந்த வாரம் முழுக்க நரி ஜெயித்தது.

அப்போதுதான் பையரின் ஆட்கள் கம்பெனியைப் பார்க்க வந்தார்கள். கேன்டீனில் நாங்கள் கத்துவதைக் கண்டு அசந்துபோய் வீடியோ எடுத்தார்கள். உலகத்தின் மறுகோடியில் இப்படி ஒரு ரசிகர் கூட்டம் என்று நெட்டில் போட்டார்கள். அங்கே லட்சக்கணக்கில் பார்த்தார்களாம். அதில் முன்னால் நின்று விசில் அடிக்கிறவள் நான். அண்ணன் பிள்ளைகள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரித்தார்கள். அண்ணிகூட, “நல்லாத்தான் இருக்கறீங்க” என்றாள். பிறகு ஒவ்வொரு வாரமும் ஒரு வீடியோ அனுப்பச் சொல்லி மெயில் வந்தது.

வெயில் ஏறிய மாதங்களில் நரி தோற்கத் தொடங்கியது. நன்றாகப் பந்து வீசுகிற ஒருவனுக்குத் தோளில் அடி. இன்னொருவன் அடிப்பதையே மறந்தவன் மாதிரி நின்றான். தோற்ற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எங்கள் வீடியோ ஒன்று இருந்தது, ஒவ்வொன்றிலும் நான் இருந்தேன். ஒரு நாள் டீ நேரத்தில் மெர்ச்சண்டைசர் பையன் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான்.

“உங்களப் பத்தித்தானுங்க எழுதியிருக்காங்க. படிக்கட்டுமா?”

“படி.”

“விசில் அடிக்கிற அந்தப் பொம்பளை வந்ததுலருந்து ஒண்ணுமே உருப்படல, யாராச்சும் அவளை வெளிய தள்ளுங்கப்பான்னு ஒருத்தன். அதுக்குக் கீழ எத்தனை பேர் பாருங்க. அந்த மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது, ராசி கெட்டதுன்னு ஒருத்தி.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த ஊர்க்காரர்களுக்கு என் பெயர் தெரியாது. என் வீட்டுக்காரர் போனது தெரியாது. நெற்றியில் பொட்டில்லாததற்கு அர்த்தம் தெரியாது. ஒன்றும் தெரியாமலே கடல் தாண்டி இருந்துகொண்டு, எங்கள் ஊர் சொல்கிற அதே வார்த்தையைச் சொல்லிவிட்டார்கள்.

அதைவிட, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மனசில் அது எப்படி விழுந்தது என்பதைப் பார்த்தேன். அங்கே அது விளையாட்டாக எழுதியது. இங்கே யாரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. சிரிப்பு முடிந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் வேன் விட்டு இறங்கும்போது பக்கத்து மேசைக்காரி என் தோளைத் தொட்டாள்.

“ஏனுங்க்கா, கோவிச்சுக்காதீங்க. இன்னைக்கு ஒரு நாளைக்குப் பின்னால உக்காருங்க. சும்மா பாக்கலாம்.”

பின்னால் உட்கார்ந்தேன். தோற்றது.

“விசில் அடிக்காம இருங்க்கா.”

அடிக்கவில்லை. தோற்றது.

“வெளிய நில்லுங்களே. ஒரே ஒரு ஆட்டம்.”

கேன்டீனுக்கு வெளியே கை கழுவுகிற குழாயடியில் நின்றேன். உள்ளே ஊட்டுக்கு ஓடு, ஊட்டுக்கு ஓடு என்று சத்தம் கேட்டது. நரி ஜெயித்தது. மறுநாளும் நின்றேன், மறுநாளும் ஜெயித்தது. அந்த ஆட்டங்களில் ஏன் ஜெயித்தார்கள் என்று எனக்குத் தெரியும். தோளில் அடிபட்டவன் குணமாகித் திரும்பி வந்திருந்தான். அதைச் சொல்லிப் பார்த்தேன்.

“அவன் வந்ததும் நீங்க வெளிய போனதும் ஒண்ணா நடந்திருக்குதல்லங்க” என்றாள். அவள் கண்ணில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. உண்மையாகவே நம்பினாள். அதுதான் தாங்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்தபோதும் இதைத்தான் நினைத்திருப்பாளோ என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தோன்றியது.

அதற்கப்புறம் யாரும் என்னை வெளியே போகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேன் நின்றதும் மற்றவர்கள் கேன்டீனுக்கு ஓடுவார்கள், நான் நேராக என் மேசைக்குப் போவேன். டீயை யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். “குடிங்க்கா” என்று அத்தனை அன்பாகச் சொல்வார்கள்.

நரி கடைசிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றதும் பையரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அதற்கு முன் அவர் அறையில் நான் உட்கார்ந்ததில்லை.

“ஒண்ணுமில்லீங்கம்மா. உங்களக் கம்பெனிக் கேட்டுக்கு வெளிய அனுப்பிக் கதவைச் சாத்தற மாதிரி ஒரு வீடியோ கேக்கறாங்க. காமெடிக்குத்தான். அங்க நீங்கன்னா ஏகப்பட்ட பிரபலமாம்.”

“வேண்டாமுங்க.”

“எல்லாரும் ஆசையா இருக்காங்க. நீங்க ஒருத்தர் மனசு வெச்சா ஆச்சு.”

நான் பேசாமல் இருந்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

எல்லோரும் இரண்டு வரிசையாக நின்று கைதட்ட, நான் நடுவில் நடந்து கேட்டைத் தாண்ட வேண்டும். கேட்டைச் சாத்துவதற்கு ஆள் வேண்டும் என்றபோது பக்கத்து மேசைக்காரிதான் முன்னால் வந்தாள். முதல் தடவை நான் தலையைக் குனிந்துகொண்டு போனேன். மெர்ச்சண்டைசர் பையன், “அழுவற மாதிரி இருக்குதுங்க, சிரிச்சுட்டே போங்க” என்று மறுபடி நடக்கவைத்தான். சிரித்துக்கொண்டே போனேன். இரும்புக் கதவை என் முதுகுக்குப் பின்னால் அவள் சாத்தினாள். உள்ளே எல்லோரும் ஹோவென்று கத்தினார்கள். எடுத்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் யாரும் திறக்கவில்லை. வீடியோ எப்படி வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வீடியோவால் ஒரு புது ஆர்டர் வந்தது. துணியும் தைப்பும் வழக்கம்போலத்தான். பிரிண்ட்தான் வேறு. நரி முகத்துக்குப் பதிலாக, இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடிக்கிற ஒரு பொம்பளையின் கார்ட்டூன் முகம். அதன் மேல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. இவளை உள்ளே விடாதே என்று இங்கிலீஷில் ஒரு வரி. வரைந்தவன் யாரோ, இந்தியப் பொம்பளை என்று தெரிய வேண்டுமே என்று நெற்றியில் பெரிசாக ஒரு பொட்டை வைத்திருந்தான்.

பிரிண்ட் முடிந்த சட்டைகள் கட்டுக்கட்டாக என் மேசைக்கு வந்தன. அவசர ஆர்டர், எந்தச் செக்கிங் மேசையும் விலக்கில்லை. சூப்பர்வைசர் வந்து சொல்லிவிட்டுப் போனார்: “பொட்டு கரெக்டா நடுவுல இருக்கான்னு பாருங்க. சாம்பிள்ல ஒதுங்கி இருக்குன்னு பையர் கம்ப்ளெயின்ட் பண்ணிட்டாங்க.”

ஒவ்வொரு சட்டையாக விரித்தேன். என் கண், என் மூக்கு, என் விரல். பொட்டு. பொட்டு ஒதுங்கியிருந்தால் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளி வைக்க வேண்டும், நடுவில் இருந்தால் மடித்து அடுக்க வேண்டும். வீட்டுக்காரர் போனதற்குப் பிறகு நான் கண்ணாடியில் பொட்டோடு என்னைப் பார்த்ததில்லை. அன்றைக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் பார்த்தேன். சரியான இடத்தில் இருந்த முகங்களை எல்லாம் பாஸ் பண்ணினேன். பக்கத்து மேசையில் அவளும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள். மத்தியானம் ஒரு சட்டையைத் தூக்கி என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, “அப்படியே இருக்குதுங்க்கா” என்று சிரித்தாள்.

நான் அவள் கையிலிருந்த சட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, “பொட்டு ஒதுங்கியிருக்குது” என்று ஸ்டிக்கர் ஒட்டினேன்.

கடைசி ஆட்டம் நடந்த காலையில் வேலை தொடங்கும் மணியைத் தள்ளி வைத்தார்கள். மாடி ஆபீஸில் இருந்த முதலாளி வீட்டு ஆட்கள்கூடக் கேன்டீனுக்கு வந்திருந்தார்கள். என்னைக் கேட்டுக்கு வெளியே, செக்யூரிட்டி நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தார்கள். போனை மேனேஜரே வாங்கி வைத்துக்கொண்டார். “தப்பா நெனைக்காதீங்கம்மா, கைதவறிப் பாத்துட்டீங்கன்னா?” ரோட்டில் போகிற சாயப்பட்டறை லாரிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நரி தோற்க வேண்டும் என்று நினைத்தேன். தோளில் அடிபட்டவனுக்கு மறுபடி அடிபட வேண்டும் என்றுகூட நினைத்தேன். நான் இல்லாமலே, நான் பார்க்காமலே தோற்க வேண்டும். ஒரு ஆட்டம் போதும்.

உள்ளே எழுந்த கூச்சலில் தகரக் கூரை அதிர்ந்தது. ஜெயித்துவிட்டார்கள் என்று யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கேட்டைத் திறந்துகொண்டு எல்லோரும் ஓடிவந்தார்கள். மேனேஜர் என் வாயருகில் லட்டை நீட்டினார். போன்கள் படம் பிடித்தன. “நீங்க வெளிய இருந்ததாலதாங்க கப்பு. மொதல் லட்டு உங்களுக்குத்தான்!” பக்கத்து மேசைக்காரி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில். அவள் புடவையில் எண்ணெய்ப் பலகார வாசம் அடித்தது. நான் லட்டைத் தின்றேன். தின்னாமல் விட்டிருந்தால் அதற்கும் ஒரு காரணம் சொல்லியிருப்பார்கள்.

அடுத்த சீசன் தொடங்கின காலையில் வேன் விட்டு இறங்கி எல்லோருக்கும் முன்னால் கேன்டீனுக்குப் போனேன். முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். பின்னால் வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள்.

“என்னுங்க்கா இது?” என்றாள் அவள்.

“ஆட்டம் பாக்கோணும்.”

“எத்தன பேர் ஆசையா வந்திருக்காங்க. உங்க ஒருத்தருக்காக இத்தன பேரையும்...” முடிக்காமல் நிறுத்தினாள். “நல்லா யோசிச்சுப் பாருங்க.”

“யோசிச்சுட்டேன்.”

மேனேஜர் வந்து பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் போனார்கள். ஒடிசாப் பையன்கள் கொஞ்சம் தயங்கினார்கள், பிறகு அவர்களும் போனார்கள். டிவியும் நானும் மட்டும் இருந்தோம். மணி அடிக்கிற வரைக்கும் பார்த்தேன், டீ நேரத்தில் மறுபடி வந்து மீதியைப் பார்த்தேன். கடைசியில் நரிக்காரன் ஒருவன் மண்ணில் சறுக்கிக்கொண்டு ஊடு வந்து சேர்ந்தான். ஜெயித்தது. காலியான பெஞ்சுகளுக்கு நடுவில் நின்று இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தேன். அடுப்படியிலிருந்து சமையல்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

மேசைக்குத் திரும்பியபோது பக்கத்து மேசைக்காரி போனில் முடிவைப் பார்த்துவிட்டிருந்தாள்.

“நான் பாத்தேன். ஜெயிச்சிருச்சு” என்றேன்.

அவள் சட்டையை மடித்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், “இப்பத்தானுங்க ஆரம்பிச்சிருக்குது. இதெல்லாம் கணக்குல வராதுங்க்கா” என்றாள்.

அடுத்த நாள் காலையில் கேன்டீன் சுவரில் டிவி இல்லை. மேலே ஆபீஸ் அறைக்கு மாற்றிவிட்டார்கள். வேண்டியவர்கள் அங்கே போய்ப் பார்த்துக்கொண்டார்கள். செக்கிங்கில் எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள், என்னிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. நான் இன்னும் கொஞ்ச மாதம் அங்கே வேலை பார்த்தேன். பிறகு குழந்தைகள் சட்டை தைக்கிற வேறு கம்பெனிக்கு மாறிக்கொண்டேன். கடைசி நாளன்று நான் வேனிலிருந்து இறங்கும்போது பக்கத்து மேசைக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லா இருங்க்கா” என்றாள். மனசாரத்தான் சொன்னாள். கையை உருவிக்கொண்டு இறங்கி நடந்தேன்.